ஒட்டுறவை வைத்து ‘பாதிக்கிறது’ என்று எழுதலாமா?

முதுகலை_உளவியல்:
வணக்கம். இறுதி ஆண்டு ஆய்வுக்காக 60 மாணவர்களிடம் ஒரே அமர்வில் இரண்டு வினாநிரல்கள் கொடுத்தேன். ஒன்று, படுக்கும் முன் எவ்வளவு நேரம் கைபேசி பார்க்கிறார்கள் என்பது. இன்னொன்று, ஆறு உட்பிரிவுகள் கொண்ட கவனச்சிதறல் அளவுகோல். ஆறில் ஒன்றில் மட்டும் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் எண், 0 என்றால் நேர்கோட்டுத் தொடர்பில்லை) 0.30, பி மதிப்பு (உண்மையில் தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவோ அதற்கு மேலோ தெரியும் வாய்ப்பு) 0.02. மற்ற ஐந்திலும் ஒன்றுமில்லை. ‘இரவில் கைபேசி பார்ப்பது கவனத்தைக் குலைக்கிறது’ என்று நான் எழுதிய முடிவை நெறியாளர் அடித்துவிட்டார். மாதிரி போதவில்லையா? இன்னும் 100 பேரைச் சேர்த்தால் சரியாகுமா?

அளவீடு:
100 அல்ல, 10,000 பேரைச் சேர்த்தாலும் அந்த வாக்கியம் நிற்காது. கைபேசி கவனத்தைக் குலைத்திருக்கலாம். கவனம் நிலைக்காதவர்களால் கைபேசியைக் கீழே வைக்க முடியாமலும் இருக்கலாம். அல்லது பதற்றமோ தூக்கமின்மையோ இரண்டையும் சேர்த்தே உயர்த்தியிருக்கலாம். இந்த மூன்றில் எது நடந்திருந்தாலும் உங்களுக்கு இதே 0.30 கிடைத்திருக்கும். மாதிரி பெரிதானால் மதிப்பீடு துல்லியமாகும், அவ்வளவுதான். இப்போது உங்கள் 95% நம்பக இடைவெளி (உண்மையான கெழு இருக்கக்கூடிய வீச்சு) ஏறக்குறைய 0.05 முதல் 0.51 வரை. அதாவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்பதிலிருந்து வலுவான தொடர்பு வரை எதுவும் சாத்தியம்.

இன்னொன்று, இரண்டையும் அவர்களே மதிப்பிட்டிருக்கிறார்கள். தன்னைக் கடுமையாக எடைபோடும் ஒருவர் இரண்டு தாளிலும் அதிக மதிப்பெண் போடுவார். அதுவே ஒரு ஒட்டுறவை உண்டாக்கிவிடும். கைபேசி நேரத்தை நினைவிலிருந்து கேட்காதீர்கள். கருவியிலேயே திரைநேரப் பதிவு இருக்கிறது, அதை எடுங்கள்.

பி_மதிப்பு:
எனக்கு அந்த ‘ஆறில் ஒன்று’தான் பெரிதாக உறுத்துகிறது. உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், 0.05 மட்டத்தில் (பி மதிப்பு அதற்குக் கீழே இருந்தால் ‘தேறியது’ என்று கொண்டு) ஆறு சோதனைகள் செய்தால், அவை ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், ஒன்றாவது தற்செயலாக ‘தேறும்’ வாய்ப்பு சுமார் 26%. வரம்பைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுக்கும் போன்ஃபெரோனி திருத்தப்படி வரம்பு 0.05 ÷ 6, அதாவது 0.0083. உங்கள் 0.02 அதைவிடப் பெரியது, எனவே தேறாது. உட்பிரிவுகள் தமக்குள் தொடர்புடையவை என்றால் இந்தத் திருத்தம் சற்றுக் கடுமையானதுதான். ஆனாலும் ஆறையும் சோதித்ததை மறைக்காமல் எழுதுவது கட்டாயம்.

முடிவைப் பார்த்துவிட்டு ஆள் சேர்த்து மறுபடி சோதிக்கவே வேண்டாம். அப்படிச் செய்தால் பொய்யான நேர்முடிவு வரும் வாய்ப்பு 5%-ஐ விட ஏறிவிடும். 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, மூல ஆய்வுகளில் 97% புள்ளியியல் முக்கியத்துவம் (பி மதிப்பு 0.05-க்குக் கீழ்) காட்டியிருக்க, திரும்பச் செய்தவற்றில் 36% மட்டுமே காட்டின. இப்படி வளைத்துக்கொள்ளும் பகுப்பாய்வும் அதற்கொரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

முதுகலை_உளவியல்:
நன்றி, இப்போது புரிகிறது. காரணம் என்று சொல்லவே வேண்டுமானால் என்ன வடிவமைப்பு? இரண்டு குழுக்களாகப் பிரிக்கலாமா?

சோதனைக்கூடம்:
பிரிக்கலாம், ஆனால் ஆள் நிறைய வேண்டும். நடுத்தர விளைவை (டி = 0.5, அதாவது குழுச் சராசரிகளின் வேறுபாடு திட்ட விலக்கத்தில் பாதி) 80% திறனோடு, அதாவது விளைவு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க 80% வாய்ப்போடு, பிடிக்கக் குழுவுக்கு 64, மொத்தம் 128 பேர். அதே விளைவை ஒரே ஆளை இரு நிலைகளிலும் அளந்து பார்த்தால் 34 பேர் போதும் (இங்கே 0.5 என்பது வேறுபாட்டு மதிப்பெண்களின் திட்ட விலக்கத்தில்). பாதியில் விலகுபவர்களையும் கணக்கில் வைத்து 40 பேரை எடுங்கள்.

ஒரு வாரம் படுக்கும் முன் ஒரு மணி நேரம் கைபேசி இல்லை, இன்னொரு வாரம் வழக்கம்போல். 20 பேர் முதலாவதில் தொடங்க வேண்டும், 20 பேர் இரண்டாவதில். எல்லோரும் ‘வழக்கம்போல்’ என்பதிலேயே தொடங்கினால், இரண்டாம் வாரத்தில் பழக்கத்தால் வரும் முன்னேற்றம் கைபேசியைத் தவிர்த்த பலன்போலத் தெரியும். யார் எதில் தொடங்குவது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்யுங்கள். நால்வர் நால்வராக எடுத்து, ஒவ்வொரு நால்வரிலும் இரண்டிரண்டு பேர் வருமாறு குலுக்கினால் எண்ணிக்கை சமமாக இருக்கும். பெயர்ப் பட்டியலில் ஒற்றை, இரட்டை என்று மாற்றி மாற்றிப் போடுவது சமவாய்ப்பு ஆகாது. அடுத்தவர் எதில் விழுவார் என்று உங்களுக்கு முன்பே தெரிந்துவிடும்.

கவனத்தை அளக்க வினாநிரல் வேண்டாம். 10 நிமிட விழிப்புநிலை எதிர்வினைச் சோதனையை (திரையில் குறி தோன்றியதும் எவ்வளவு வேகமாக அழுத்துகிறார்கள் என்று அளப்பது) வாரக் கடைசி நாள் காலையில், ஒரே நேரத்தில், ஒரே கருவியில் வையுங்கள். 500 மில்லிவினாடியைத் தாண்டும் எதிர்வினைகளைத் தவறவிட்டவையாக எண்ணுங்கள். தொடங்கும் முன் ஒரு பயிற்சிச் சுற்று கட்டாயம்.

அதிகம் சொதப்புவது கடைசியில்தான். விதியை மீறியவர்களை நீக்கிவிட்டுப் பகுப்பாய்வு செய்தால் கட்டுப்பாடு உள்ளவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள், குலுக்கியதன் பயனே போய்விடும். ஒவ்வொரு வாரத்தையும் அதற்கு ஒதுக்கிய நிலையிலேயே வைத்து எல்லோரையும் கணக்கிடுங்கள். திரைநேரப் பதிவை, எத்தனை பேர் விதியைக் கடைப்பிடித்தார்கள் என்று தனியாகச் சொல்லப் பயன்படுத்தலாம். பழைய 60 பேரை மறுபடி அழைக்க வேண்டாம், உங்கள் கருதுகோளை அவர்கள் ஊகித்திருப்பார்கள்.

அளவீடு:
புதிய சோதனைக்கு நேரமில்லை என்றால், கையில் இருப்பதை இப்படி எழுதலாம்: ‘ஆறு உட்பிரிவுகளில் ஒன்றில் நேர்த்தொடர்பு காணப்பட்டது, பன்முகச் சோதனைத் திருத்தத்துக்குப் பின் அது முக்கியத்துவம் பெறவில்லை.’ ஆறு கெழுக்களையும் நம்பக இடைவெளிகளோடு ஒரே அட்டவணையில் கொடுங்கள். ‘பாதிக்கிறது’, ‘விளைவு’ என்ற சொற்கள் தலைப்பிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள், அங்கேயும் மாற்ற வேண்டும்.