இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை 1990-ல் திரும்பியது சரியா? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்

முன்னாள் ஜவான்:

"இன்னும் ஒரு வருஷம் இருந்திருந்தால் கதையே வேற" என்று சொல்பவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். நான் 1987 ஆகஸ்ட்டில் போனவன். கடைசிக் கப்பலில் திரும்பியவன்.

எங்கள் யூனிட்டில் தமிழ் தெரிந்தவர்கள் ரெண்டு மூணு பேர்தான். எந்த ரோந்துக்கும் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப் போவார்கள். மானிப்பாய்ப் பக்கம் ஒரு வீடு. போன புதிதில் அந்த வீட்டு அம்மா கிணற்றில் தண்ணீர் இறைத்து, செம்பை என் கையிலேயே கொடுத்தார். கூடவே பனங்கட்டி. "ஊர் எங்கை தம்பி?" என்று விசாரித்தார்.

அக்டோபரில் புலிகளோடு சண்டை தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கியப் பிரிவின் 30 பேரில் 29 பேர் செத்துப்போனார்கள். ஒருவர் மட்டும் உயிரோடு பிடிபட்டார். அதற்குப் பிறகு யாரும் யாரையும் நம்பவில்லை.

1988-ல் சுற்றிவளைப்பில் அதே வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மா அன்றைக்கும் தண்ணீர் கொண்டுவந்தார். ஆனால் செம்பைப் படியில் வைத்துவிட்டுப் பின்வாங்கி நின்றார். மகன் எங்கே என்று கேட்கச் சொன்னார் அதிகாரி. கேட்டேன். "நீர் தமிழ்ப் பிள்ளைதானே. என்ரை பிள்ளையைக் காட்டித் தரச் சொல்லி என்னட்டையே கேக்கிறீரே" என்றார். என்ன சொல்கிறார் என்றார் அதிகாரி. "தெரியாதாம் சாப்" என்றேன். அந்தச் செம்பை நாங்கள் யாரும் தொடவில்லை.

1987 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி தமிழ்ப் போராளிக் குழுக்களின் ஆயுத ஒப்படைப்பு 72 மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டும். நாங்கள் இருந்தது 32 மாதம். ஆயுதத்தை வாங்கி வைக்கப் போனோம், பிறகு பிடுங்கினோம், பிறகு தேர்தல் நடத்தினோம், பிறகு அதில் வந்த மாகாண அரசுக்குக் காவல் நின்றோம். இது எப்போது முடியும் என்று கேட்டால் மேலே இருந்தவர்களுக்கே பதில் தெரியாது.

1989-ல் என் பக்கத்துக் கட்டில்காரன் வன்னியில் கண்ணிவெடியில் போனான். அந்த வருஷமே இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா எங்களை வெளியேறச் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. இவன் செத்த மண்ணை விட்டு எப்படிப் போவது என்று நினைத்தேன். "இருக்கணும்" என்று நானும் சத்தம் போட்டவன்தான். ஆனால் அவன் செத்ததற்காக இருந்தால், இருக்கும்போது சாகிற அடுத்தவனுக்காக இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும். இப்படியே போனால் எங்கே நிற்பது? கூப்பிட்ட அரசே போகச் சொல்லிவிட்டது, நாங்கள் சண்டை போட்ட புலிகளுக்கு அதுவே ஆயுதமும் கொடுத்தது. யாருக்காக அங்கே நிற்பது?

1990 மார்ச் 24, திருகோணமலையில் கப்பல் ஏறினோம். சென்னையில் படையை வரவேற்க முதல்வர் வரவில்லை. அன்றைக்கு வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், திரும்பியது சரி. ரெண்டு வருஷம் முன்னாடியே திரும்பியிருக்க வேண்டும்.

போர்வீரர் மகள்:

அப்பாவின் இன்லேண்ட் கடிதங்கள் எங்களிடம் இருக்கின்றன, எல்லாவற்றிலும் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரி. முதல் கடிதத்தில் "தீபாவளிக்கு வந்துடுவேன்", அடுத்ததில் "பொங்கலுக்கு", அப்புறம் "சீக்கிரம்" என்று மட்டும். 1988-க்குப் பிறகு கடிதம் இல்லை. அங்கே உயிர்விட்ட சுமார் 1,200 பேரில் அவரும் ஒருவர். அவர் தியாகம் வீணாகக்கூடாது, படை அங்கேயே இருக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்தவர்கள் பேசினார்கள். அம்மா அதை ஒருநாளும் கேட்டதில்லை. மற்றவர்களாவது வந்து சேரட்டும் என்றுதான் சொல்வார்.

யாழ்ப்பாணத்தாள்:

87 ஒக்டோபரிலை நல்லூர்க் கோயில் வீதியிலை சனத்தோடை சனமாப் படுத்துக் கிடந்த ஆள் நான். ஆமி போகவேணும் எண்டுதான் எல்லாரும் நேர்ந்தம். அதிலை மாற்றமில்லை. ஆனா ஐயா, நீங்கள் கப்பல் ஏறினதோடை முடியேல்லை. 89-லை என்ரை தம்பியை ரியூசனாலை வரேக்கை பிடிச்சுக்கொண்டுபோய்த் தலைமயிரை வெட்டித் துவக்குக் குடுத்தவை, மாகாண அரசுக்குப் படை சேர்க்கிறமெண்டு. பதினாறு வயசு. நீங்கள் போன பிறகு அவனை ஆர் பாக்கிறது? ஓடி ஒளிச்சுத் திரிஞ்சவன், பிறகு தகவலே இல்லை. மூண்டு மாதம் ஆக முதலே, யூனிலை, புலிகளுக்கும் இலங்கை ஆமிக்கும் திரும்பவும் சண்டை. போறது சரி. எங்களிலை ஆரை என்ன நிலைமையிலை விட்டிட்டுப் போறம் எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை.

முன்னாள் ஜவான்:

தங்கச்சி, நீங்கள் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பையன்களை நானும் பார்த்திருக்கிறேன். சட்டை தோளில் நிற்காது, துப்பாக்கி மட்டும் பெரிதாகத் தெரியும். கப்பல் ஏறும்போது அவர்கள் ஞாபகம் எனக்கு வரவே இல்லை.

மானிப்பாய்ப் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். கிணற்றடியில் முருங்கை நின்ற வீடு, முன்னால் பனையோலை வேலி. அந்த அம்மாவின் மகன் திரும்பி வந்தாரா?