தோளிலா இடுப்பிலா? கானாடுகாத்தான் துண்டும் பீத்தோவன் தாளும்

முற்றத்துக்காரன்:
போன ஞாயிறு காரைக்குடியில் ஒரு புத்தக வெளியீடு. பேச வந்தவர் வெளியூர். எடுத்த எடுப்பிலேயே ஒரு போடு போட்டார்: ஐரோப்பியச் செவ்விசை விடுதலையின் இசையாம், நம் சங்கீதம் பணக்காரன் முன்னால் கைகட்டி நின்ற சங்கீதமாம். அதற்கு அத்தாட்சி? 1804இல் நெப்போலியன் தன்னைப் பேரரசன் என்று அறிவித்துக்கொண்டதும் பீத்தோவன் தன் மூன்றாம் சிம்பனியில் அவர் பெயர் எழுதியிருந்த முகப்புத் தாளைக் கிழித்தெறிந்தாராம். "உங்கள் வித்வான் எவராவது ஒரு செட்டியார் பெயரைக் கிழித்தது உண்டா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். முன்வரிசையும் கூடச் சிரித்தது. எனக்குக் கையிலிருந்த கந்தரப்பம் இறங்கவில்லை.

ஐயா, பஸ் ஏறினால் அரை மணியில் கானாடுகாத்தான். அங்கே ஒரு கல்யாண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டோடு நாதஸ்வரம் வாசித்து வந்தார். துண்டை எடு, இடுப்பில் கட்டு என்று சிலர் மறித்தார்கள். சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரி எடுக்க வேண்டாம் என்று பக்கத்தில் நின்றார். துண்டு தோளிலேயே இருந்தது. பீத்தோவன் கிழித்தது தன் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. இது நடுத்தெருவில். எது பெரிய விடுதலை?

கோவிலூர் வாத்தியார்:
தம்பி, கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்களே. மறித்தவர்களுக்கு அழகிரி தரப்பில் சொன்ன பதில் என்ன? இது அங்கவஸ்திரம் இல்லை, வியர்வை துடைக்கிற துண்டு என்பதுதானே. வியர்வைத் துண்டு! இதில் அரசியல் விடுதலை எங்கிருந்து வந்தது? வேர்த்தவன் துடைத்துக்கொண்டான். சித்திரை வெயிலில் விசிறி வீசியவனுக்கும் தியாகி பென்ஷன் கேட்பீர்களா? 34 வருஷம் வரலாறு நடத்தியவன் சொல்கிறேன், சம்பவம் வேறு, சம்பவத்துக்குப் பூசுகிற சாயம் வேறு.

தவில்வீட்டுப் பிள்ளை:
வாத்தியார் ஐயா நடந்துகொண்டே நாயனம் வாசித்தவர் இல்லை போலிருக்கிறது. இரண்டு கையும் குழலில் இருக்கும். விரலில் வேர்வை இறங்கினால் துளையில் வழுக்கும், சுரத்தை அசைக்கிற கமகம் நிற்காது. தவில் தனியாகப் போகிற கொஞ்ச நேரத்தில் முகத்தையும் விரலையும் துடைத்தால்தான் உண்டு. தோளில் கிடந்தால் இழுத்தோம், துடைத்தோம், போட்டோம். இடுப்பில் முடிந்திருந்தால் அவிழ்த்துத் துடைத்துத் திரும்பக் கட்டுவதற்குள் மாப்பிள்ளை அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். என் தாத்தா கடைசிவரை இடுப்பில் கட்டித்தான் வாசித்தார். எங்கள் வீட்டில் இருக்கிற படத்தில்கூட அப்படித்தான்.

கோவிலூர் வாத்தியார்:
ஆக, நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். வியர்வை. நான் சொன்னதும் அதுதான். நன்றி.

தேவகோட்டை மருமகள்:
வாத்தியாரே, வேர்வை துடைக்கத்தான் துண்டு என்றால் எடுக்கச் சொன்னவர்கள் எதற்காக எடுக்கச் சொன்னார்கள்? மேளகாரருக்கு வேர்க்கக் கூடாது என்றா? தோளில் துண்டு கிடந்தால் சமமாக நிற்கிற மாதிரி இருக்கிறது, அதுதான் அவர்களுக்கு வலி. துண்டு துடைப்பதற்கு. மறித்தது அரசியல். இது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும்.

முற்றத்துக்காரருக்கும் ஒன்று. அந்த மூன்றாம் சிம்பனிக் கதை இரண்டு விதமாக இருக்கிறது. முகப்பைக் கிழித்துத் தரையில் எறிந்தார் என்று சொன்னது அவருடைய மாணவர் ரீஸ். வியன்னாவில் இன்றைக்கு இருக்கிற பிரதியில் நெப்போலியன் பெயர் சுரண்டப்பட்டிருக்கிறது, தாளே ஓட்டையாகும் அளவுக்கு. அப்புறம் அந்த சிம்பனியை யாருக்குச் சமர்ப்பித்தார் தெரியுமா? லோப்கோவிட்ஸ் பிரபுவுக்கு. பணம் கொடுத்து ஆதரித்த பிரபு. அவர்கள் ஊர்ச் செட்டியார் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

கோவிலூர் வாத்தியார்:
சுரண்டினார், கிழிக்கவில்லை. பார்த்தீர்களா, நான் இதைத்தான் சொல்ல வந்தேன். மேடைப் பேச்சாளரும் தப்பு, முற்றத்துக்காரரும் தப்பு. ஆனால் ஓட்டை விழச் சுரண்டினாலாவது அரசியல். வியர்வை துடைத்தால் சுகாதாரம்.

(ஆச்சி, "ஐந்தாம் வகுப்பு" என்று என்னைக் குத்தியதைக் கவனித்தேன். பதில் சொல்லத் தெரியாமல் இல்லை.)

சிங்கப்பூர் மச்சான்:
துண்டு, ஓட்டை என்று நேரத்தை வீணாக்குகிறீர்கள். செட்டிநாடு விடுதலைக்குக் கொடுத்தது துண்டு இல்லை, இயக்கம்! 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1941இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். எல்லாம் கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கொடை. தமிழன் தமிழ்நாட்டு மேடையில் தமிழில் பாட்டுக் கேட்க ஒரு போராட்டம் வேண்டியிருந்தது. அது விடுதலைப் போர் இல்லை என்றால் எதுதான்? நம் ஊர்ப் பெருமையை நாமே பேசாவிட்டால் யார் பேசுவார்கள்?

கோவிலூர் வாத்தியார்:
மச்சான், நீங்கள் எழுதிய பெயரை நிறுத்தி வாசியுங்கள். ராஜா *சர்*. 1923இல் வெள்ளைக்காரன் கொடுத்த சர். 1929இல் அவனே கொடுத்த ராஜா. பீத்தோவன் ராஜா பெயரைச் சுரண்டினார், நாம் ராஜா என்று ஒட்டிக்கொண்டோம். கொடையை நான் குறை சொல்லவில்லை, நானே அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். ஆனால் அதை விடுதலைப் போர் என்று எழுதாதீர்கள். கணக்குப் பார்த்துச் செய்த நல்ல காரியம் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

தேவகோட்டை மருமகள்:
இதில்தான் வேடிக்கை. சென்னையின் பெரிய சங்கீத சபையான மியூசிக் அகாடமி எங்கே கருவானது? 1927 டிசம்பரில் சென்னைக் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டில். முழு விடுதலைத் தீர்மானம் வந்ததும் அதே காங்கிரஸில். ஆனால் 1941இல் தமிழிசைக்கு எதிர்ப்பக்கம் நின்றது அந்த அகாடமிதான். காங்கிரஸ் மடியில் பிறந்த சபை மொழி விஷயத்தில் பழசைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. சர் பட்டக்காரர் புதுசுக்குக் காசு கொடுக்கிறார். காங்கிரஸ்காரர்களான ராஜாஜியும் கல்கியும் அவர் பக்கம் சேர்கிறார்கள். யார் விடுதலைக் கட்சி, யார் அடிமைக் கட்சி? உங்கள் வரலாற்று வகுப்பில் இதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

கோவிலூர் வாத்தியார்:
பெட்டியில் போட மாட்டேன். துண்டில் முடிவேன். வியர்வைத் துண்டில்.

முற்றத்துக்காரன்:
சிரிப்பு வரவில்லை, வாத்தியாரே.

தவில்வீட்டுப் பிள்ளை:
எனக்கு ஒரு சந்தேகம். தமிழிசை மாநாடு, தீர்மானம், சங்கம் என்று இவ்வளவு எழுதுகிறீர்கள். அதில் எங்கேயாவது மேளகாரர் துண்டைப் பற்றி ஒரு வரி உண்டா? பாட்டு எந்த மொழியில் என்பதற்குத்தான் சண்டை. வாசிக்கிறவன் எங்கே உட்காருவது, எங்கே சாப்பிடுவது என்பதற்கு யார் மாநாடு போட்டார்கள்? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வெட்டி, ஷெர்வானி போட்டு வாசித்தார். அவர் பெரிய ஆள், சக்கரவர்த்தி. எங்கள் தாத்தாவுக்கு அது முடியுமா?

சிங்கப்பூர் மச்சான்:
தம்பி சாதியைக் கொண்டுவருகிறார். இசையை இசையாகப் பேசலாமே.

தவில்வீட்டுப் பிள்ளை:
நான் எங்கே கொண்டுவந்தேன்? துண்டோடு அதுவும் சேர்ந்துதான் வருகிறது.

காரை வீணை:
ஊர்ச் சங்கீதம் என்றால் நாயனமும் சங்கமும் மட்டும்தானா? காரைக்குடி சகோதரர்கள் ஞாபகம் இல்லையா? மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை மடியில் கிடத்தாமல் நிமிர்த்திப் பிடித்தே வாசித்தார். இளையவர் சாம்பசிவ ஐயர் 1952இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் வாங்கியவர். வீணையை நிமிர்த்தினதுகூட ஒரு விடுதலைதான்!

கோவிலூர் வாத்தியார்:
நிமிர்த்தினால் விடுதலை, படுத்தால் அடிமை. அப்படியானால் வயலின்காரர் தாடையில் வைத்தால் என்ன, தன்னாட்சியா? விட்டால் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கச்சேரிக்கு வரிசை வகுத்ததை அரசியல் சட்டம் என்பீர்கள்.

காரை வீணை:
போன வருஷ விழாவில் எனக்கு ஒதுக்கிய நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் தாங்கள்தானே? இப்போதுதான் புரிகிறது. பிறத்தியார் இடம் என்று ஒன்று இருப்பதே தங்களுக்குத் தெரியாது.

கோவிலூர் வாத்தியார்:
அந்த நாற்காலியில் பெயர் எழுதியிருக்கவில்லை. எழுதிச் சுரண்டியிருந்தாலும் நான் பார்க்கவில்லை. இரண்டாம் வரிசை, மின்விசிறிக்குக் கீழே. எனக்கு முதுகுவலி என்று அன்றைக்கே சொன்னேன்.

தேவகோட்டை மருமகள்:
பாரதியை யாருமே தொடவில்லையே? 1919இல் அவர் கானாடுகாத்தானில் வை.சு. சண்முகம் வீட்டில் வந்து தங்கியவர். கையில் தடியோடு நிற்கிற அந்தப் படம் காரைக்குடியில் எடுத்தது. எந்தக் கச்சேரிக்குப் போனாலும் அதே சில கீர்த்தனைகளைக் கேட்டுச் சலித்துப்போனதை அவரே எழுதியிருக்கிறார். 1928இல் அவர் பாட்டுப் புத்தகங்களை அரசாங்கம் பறிமுதல் செய்தது. 1947 பொங்கலுக்கு வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் அந்தப் பாட்டுகளைப் பாடினார். எடுத்தவர் நம் ஏவி.எம்., எடுத்த இடம் தேவகோட்டை ரஸ்தா. கச்சேரிக் குரல் ஒன்று சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்பே 'ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்' என்று பாடிவிட்டது. மேடைப் பேச்சாளருக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சிங்கப்பூர் மச்சான்:
ஆச்சி, தேவகோட்டை ரஸ்தா இருப்பது காரைக்குடிப் பக்கம். பெயரில் தேவகோட்டை இருப்பதால் உங்கள் ஊர்க் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தேவகோட்டை மருமகள்:
நான் "நம்" என்றுதான் எழுதினேன். கண்ணாடியைத் துடையுங்கள், துண்டு வேண்டுமானால் வாத்தியாரிடம் இருக்கும்.

கோவிலூர் வாத்தியார்:
அந்தப் பாட்டு பாரதி எழுதியபோது கனவு, பட்டம்மாள் பாடியபோது வியாபாரம். பாட்டு உரிமையையும் கையில் வைத்திருந்தது அதே ஏவி.எம்.தான். விடுதலைப் பாட்டுக்கே உரிமையாளர்! அரசாங்கத்துக்குக் கொடுத்தது பிறகு. ஒவ்வொரு விடுதலைக்குப் பின்னாலும் ஒரு செட்டியார் கணக்குப் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறார். நானும் செட்டியார் வீட்டுப் பிள்ளைதான், அதனால் சொல்கிறேன். துண்டு ஒன்றுதான் காசில்லாமல் நடந்தது. அதுவும் வியர்வைக்கு.

முற்றத்துக்காரன்:
இப்போது துண்டு காசில்லாமல் நடந்தது என்கிறீர்கள். அப்படியானால் அது பெரிய விஷயம்தானே? இதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்!

கோவிலூர் வாத்தியார்:
நான் அப்படிச் சொல்லவில்லை. மறுபடி வாசியுங்கள். "அதுவும் வியர்வைக்கு" என்று முடித்திருக்கிறேன்.

முற்றத்துக்காரன்:
உங்களோடு பேசுவதற்கு ஊறாத பருப்பை உரலில் போட்டு ஆட்டலாம். சரி, வேறு விஷயம். தவில்வீட்டுத் தம்பி, தையில் தங்கை கல்யாணம். இரண்டு நாயனம், இரண்டு தவில் செட் வேண்டும். படம் எடுக்கிறவர் மேளக்காரர்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் பட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டால் பழைய காலக் களை வரும் என்கிறார். முடியுமா?

தவில்வீட்டுப் பிள்ளை:
அண்ணே, நீங்களா கேட்கிறீர்கள்?

முற்றத்துக்காரன்:
ஐயோ, படத்துக்குத்தான். அரை மணி நேரம். துண்டு நாங்களே வாங்கித் தந்துவிடுகிறோம்.

தவில்வீட்டுப் பிள்ளை:
தையில் முதல் மூன்று முகூர்த்தமும் போய்விட்டது. அதற்குப் பிறகு என்றால் அட்வான்ஸோடு வாருங்கள். துண்டு எங்களிடமே இருக்கிறது.

கோவிலூர் வாத்தியார்:
வியர்வைத் துண்டுதானே? இருங்கள், பேரன் போனைக் கேட்கிறான். காலையில் விரிவாக எழுதுகிறேன்.