ரவுணில் தனியே முதல் பிள்ளை, ஊரில் இருந்த துணிவு எங்கே போனது?

முத்தையன்கட்டுப் பிள்ளை எழுதியது:

வணக்கம் அக்காமார், அம்மாமார். எனக்குச் சொந்த இடம் ஒட்டுசுட்டானுக்கு அங்கால முத்தையன்கட்டு. இவருடைய வேலைக்காகக் கொக்குவிலில் ஒரு மேல்மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். முதல் பிள்ளை, பொம்பிளைப்பிள்ளை, ஒன்றரை மாதம் ஆகிறது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும் வரைக்கும் ஊரில் அம்மாவோடு இருந்தேன். அம்மா வேதுத்தண்ணி வார்ப்பா, சரக்குக்கறி காய்ச்சித் தருவா, பிள்ளை வீரிட்டு அழுதால் அடுத்த வளவுச் சித்தி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து "வயிறு பொருமிப் போச்சுதடி, தோளில போட்டுத் தட்டு" என்பா, நானும் தட்டுவேன், ஏப்பம் விட்டுவிட்டு நித்திரையாகிவிடும். அப்போது எனக்குப் பயம் என்று ஒன்றும் இருக்கவில்லை.

இங்கே வந்த பிறகு அதே பிள்ளை அழுதால் என் கை நடுங்குகிறது. பால் காணாதோ, நாவூறோ, வயிற்றுக்குத்தோ என்று போனில் தேடினால் ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கிறார். பின்னேரம் ஆறு மணியானால் அழுகை கூடும், இவர் வர எட்டாகும், அதுவரை அறைக்குள் நடந்துகொண்டே இருப்பேன். கீழ் வீட்டு அன்ரி நல்லவர்தான், ஆனால் ஒவ்வொரு நாளும் "பிள்ளைக்குப் பசி போல, மாப்பால் குடுத்துப் பாருங்கோவன்" என்கிறார். ஒரு கிளினிக்கில் சந்தேகம் ஒன்று கேட்டதற்கு "இதுகூடத் தெரியாதோ?" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்கள், அதோடு வாய் திறக்க மனம் வருவதில்லை. அம்மாவைக் கூப்பிட வழியில்லை, வயல் வெட்டு நடக்கிறது, மாடுகளையும் விட்டுவிட்டு வர ஏலாது. இவருக்குத் தாய் இல்லை.

ஊரிலிருந்து வந்து தனியே பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள், மாப்பால் தொடங்கத்தான் வேண்டுமா? ஒரு வயது வரும்வரை ஊரோடு போய் இருந்தால் என்ன என்றும் யோசிக்கிறேன்.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் எழுதியது:

பிள்ளை, முதலில் பால் விஷயம். அழுகையை வைத்துப் பால் காணாது என்று முடிவு கட்டாதேயும். பிறந்து ஒரு கிழமைக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் நன்றாகச் சலம் போகிறதா, சலம் வெளிறின நிறமா, பால் குடிக்கும்போது விழுங்குகிற சத்தம் கேட்கிறதா, நிறை ஏறுகிறதா, இவைதான் கணக்கு. பம்பஸ் கட்டினால் இது பிடிபடாது, ஒரு நாளைக்குப் பழைய வேட்டித் துணி கட்டி நனைகிற துணிகளைப் பக்கத்தில் போட்டு வையும், பின்னேரம் எண்ணிப் பார்த்தால் உமக்கே தெரியும். ஒன்றரை மாதப் பிள்ளை 24 மணித்தியாலத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை வரை குடிக்கும், பின்னேரத்தில் அடிக்கடி கேட்கும். அது சாதாரணம். மாப்பாலை உள்ளே விட்டால் பிள்ளை நெஞ்சில் உறிஞ்சுவது குறையும், உறிஞ்சுவது குறையச் சுரப்பதும் குறையும், பிறகு உண்மையாகவே பால் காணாமல் போகும். இப்படி நிறுத்தின தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்த அன்ரி சொல்வதும் அக்கறையில்தான், ஆனால் உம்முடைய பிள்ளையின் நிறை அவருக்குத் தெரியாது.

அழுகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் அழுகை இரண்டாம் கிழமை அளவில் கூடத் தொடங்கி ஆறாம் கிழமையை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் குறையும். பின்னேரமும் முன்னிரவும்தான் கூட அழும். நீர் ரவுணுக்கு வந்த நேரமும் பிள்ளை கூட அழுகிற வயதும் ஒன்றாக வந்துவிட்டன. ஊரில் இருந்திருந்தாலும் இந்தக் கிழமை அழுதுதான் இருக்கும். என்ன, அங்கே தூக்கி உலாத்த நாலு கை இருந்திருக்கும்.

சூடு என்று சொல்லித் தண்ணி, கற்கண்டுத் தண்ணி, உரைச்ச வசம்பு ஒன்றும் வாயில் வைக்காதேயும். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும், அதில் பெரும்பங்கு தண்ணிதான். நீர் நன்றாகச் சாப்பிடும். பால்சுறா வறை, முருங்கையிலை என்று அம்மா தந்ததை இங்கேயும் சமையும், அதில் ஒரு பிழையும் இல்லை.

இன்னொன்று முக்கியம். பிள்ளை பிறந்த முதல் பத்து நாளுக்குள் குடும்பநல உத்தியோகத்தர் இரண்டு தடவை வீட்டுக்கு வர வேண்டும், பிறகும் வருவார். நீர் ஊரில் பதிந்துவிட்டு இங்கே வந்தபடியால் இங்குள்ளவருக்கு உம்மைத் தெரியாமல் இருக்கலாம். கிளினிக் கொப்பியோடு நல்லூர்ப் பிரிவு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் இடம் மாறினதைச் சொல்லும், அல்லது கிராம சேவகரிடம் உங்கள் பகுதிக்கு யார் என்று கேளும். யாரோ ஒருவர் சுள்ளென்று பேசினார் என்பதற்காக இந்தச் சேவையை விட்டுவிடாதேயும், அது உம்முடைய உரிமை. கேட்க வேண்டியதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போனால் அந்த நேரத்தில் வாய் அடைக்காது.

தீவுக்காரி எழுதியது:

தங்கச்சி, நான் நெடுந்தீவு. கல்யாணத்தோடு குருநகருக்கு வந்தேன், அம்மா வருவதென்றால் குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ், கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அதனால் நீங்கள் எழுதினது ஒவ்வொரு வரியும் எனக்கு விளங்குகிறது.

ஊருக்குத் திரும்பிப் போவதைப் பற்றி நான் வேறு மாதிரி நினைக்கிறேன். கொஞ்ச நாள் போய் நித்திரை கொண்டுவிட்டு வாருங்கள், அது நல்லது. ஒரு வருடம் என்றால் பிள்ளையின் அழுகை தகப்பனுக்குப் பழகாது, உங்களுக்கும் திரும்பி வரும்போது இதே பயம் காத்துக்கொண்டு நிற்கும். ஊரில் உங்களுக்குத் துணிவு இருந்தது உண்மை, ஆனால் முடிவு எடுத்தது சித்தி, தட்டினது நீங்கள். இப்போது முடிவும் உங்களுடையது என்பதால்தான் கை நடுங்குகிறது. அது நீங்கள் கெட்டிக்காரி இல்லை என்பதற்கு அடையாளம் இல்லை.

எனக்கு உதவினது ஆள்தான். கிளினிக்கில் நிறை பார்க்கும் வரிசையில் எனக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கைப்பிள்ளைத் தாய் இருப்பா, அவவும் பூநகரியிலிருந்து வந்தவ. இரண்டு பேரும் வட்ஸப்பில் கதைக்கத் தொடங்கினோம். இரவில் "முழிப்போ?" என்று ஒரு மெசேஜ் வந்தால் போதும். நூறு வீடியோ பார்த்ததை விட அவவின் பெடியனும் இப்படித்தான் அழுகிறான் என்று கேட்டதுதான் எனக்கு ஆறுதல்.

ஏணை கட்டினீர்களா? எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் முகட்டில் கொளுக்கி அடிக்க விடவில்லை. இப்போது இரும்பு ஸ்டாண்டோடு விற்கிறார்கள், அதில் அம்மாவின் பழைய நூல் சேலையைக் கட்டினேன். பிள்ளைக்கு அந்த மணம் பழக்கம், அரை மணித்தியாலமாவது கிடந்தது. கிடக்கும்போது மட்டும் ஒரு கண் அதில் இருக்கட்டும்.

தாதியியல் மாணவி எழுதியது:

மேலே அக்கா சொன்னதற்கு ஒரு படிப்பும் இருக்கிறது. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977 இல் எழுதினார், ஒரு வேலையை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை நாலு வழியால் வருகிறது என்று: தானே செய்து சரிவருவது, தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, மதிக்கும் ஒருவர் உன்னால் முடியும் என்று சொல்வது, உடம்பும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. உங்கள் பதிவை இதோடு வைத்துப் பாருங்கள். பார்த்துப் பழக ஆள் இல்லை, உன்னால் முடியும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் "தெரியாதோ?" என்றார்கள், நித்திரையும் இல்லை. நாலில் மூன்று போய்விட்டன, பிறகு நம்பிக்கை குறையாமல் என்ன செய்யும்? மிச்சம் இருப்பது நீங்களே செய்து சரிவந்தவை. அவை ஏற்கெனவே நிறைய இருக்கும், நீங்கள் கவனிக்கவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் நம்பிக்கைக் குறைவு என்று தள்ளிவிடவும் கூடாது. பிள்ளை பிறந்த முதல் இரண்டு கிழமைக்குள் வருகிற அழுகையும் மனக்குழப்பமும் பெரும்பாலும் தானாகப் போய்விடும். அதற்குப் பிறகும் பிள்ளை நித்திரையாக இருக்கும்போதுகூட உங்களுக்கு நித்திரை வரவில்லை, சாப்பிட மனமில்லை, பிள்ளையில் ஒட்டுதல் வரவில்லை, செத்தால் நல்லது என்ற மாதிரி நினைப்பு வருகிறது என்றால் அது வருத்தம், மருந்தும் ஆலோசனையும் இருக்கிற வருத்தம். எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்வி கொண்ட படிவம் இருக்கிறது, அதை வைத்துப் பார்ப்பார்கள், நீங்களே கேட்கலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் எடுக்கலாம்.

திருநெல்வேலி அப்பா எழுதியது:

நான் ஆம்பிளை, மன்னிக்க வேண்டும் இடையில் வந்ததற்கு. இந்தப் பதிவைக் கணவருக்குக் காட்டுங்கள் தங்கச்சி. எட்டு மணிக்கு வந்தால் ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் பிள்ளை அவருடையது, நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள், பாலுக்கு மட்டும் எழுப்பட்டும். ஏப்பம் எடுக்க, துணி மாற்ற, தோளில் போட்டு உலாத்த ஆம்பிளைக்கும் ஏலும். "நான் உதவி செய்கிறேன்" என்று சொல்ல இது அயல்வீட்டுப் பிள்ளை இல்லை.

முத்தையன்கட்டுப் பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, வாசித்துக்கொண்டு அழுதுவிட்டேன். நேற்று துணி கட்டிப் பார்த்தேன், மத்தியானத்துக்குள் ஐந்து நனைந்தது. மாப்பால் வாங்கவில்லை. சாப்பிட மனம் இருக்கிறது, பிள்ளையைப் பார்த்தால் சந்தோசமும் வருகிறது, அழும்போது மட்டும்தான் பயம். இவரும் வாசித்தார், ஒன்றும் சொல்லவில்லை, இரவு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். தீவுக்கார அக்கா, உங்களுக்குத் தனிமடல் போட்டிருக்கிறேன். அடுத்து இரண்டு மாத ஊசி வருகிறது, காய்ச்சல் வந்தால் இரவில் தனியே என்ன செய்வது அம்மா?

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் எழுதியது:

ஐந்து நனைந்தால் நல்லாய்க் குடிக்கிறாள். இரண்டு மாதத்தில் ஐந்து நோய்க்கான ஊசியும் போலியோவுக்கானதும் போடுவார்கள். ஒன்றிரண்டு நாள் லேசான காய்ச்சல், தொடையில் வீக்கம், சிணுக்கம் வரலாம். பரசிற்றமோல் எவ்வளவு என்பது நிறையைப் பொறுத்தது, ஊசி போட்ட இடத்திலேயே கேட்டு எழுதுவித்துக்கொண்டு வாரும். இறுக்கிப் போர்க்காமல் மெல்லிய சட்டை போட்டு அடிக்கடி பால் கொடும். காய்ச்சல் கடுமையானால், விடாமல் வீரிட்டால், பால் குடிக்க மறுத்தால், வலிப்பு வந்தால், சோர்ந்து துவண்டு கிடந்தால் விடியட்டும் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். அம்புலன்சுக்கு 1990. ஒரு தேர்மோமீற்றர் வாங்கி வையும், பார்மசியில் எடுக்கலாம். ஊசிக்குப் போகிற அன்று கணவரையும் கூட்டிக்கொண்டு போம்.