லண்டனுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? கைப்பையை ஒருமுறை பாருங்கள்

போன வாரம் ஈஸ்ட்ஹாமில் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒரு தங்கை, சாவி தேடப் பையைக் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து பெப்பர் ஸ்ப்ரே உருண்டு வந்தது. சென்னையிலிருந்து கிளம்பும்போது அம்மா வாங்கிக் கொடுத்ததாம். அந்த அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பிரிட்டனில் 1968ஆம் வருடத்துத் துப்பாக்கிச் சட்டப்படி அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். அடிக்கவே வேண்டாம், வைத்திருந்தாலே குற்றம். தற்காப்புக்கு என்று தெருவில் கத்தி கொண்டுபோவதும் குற்றம்தான். விசாவில் இருக்கும் நமக்கு ஒரு வழக்கு வந்தால் எவ்வளவு சிக்கல்!

பின்னை இழுத்தால் வீறிட்டு அலறும் சின்ன அலாரம் இங்கே கிடைக்கும், அதற்குத் தடையில்லை. பையின் அடியில் போட்டுவிடாதீர்கள், கை எட்டும்படி பை வாரில் மாட்டுங்கள். யாராவது தாக்கினால் தேவையான அளவுக்குத் திருப்பித் தடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் ஓடித் தப்ப வழியிருந்தால் ஓடிவிடுங்கள்.

இங்கே நம்மவர்கள் அதிகம் இழப்பது போனைத்தான். எனக்கே நடந்தது. டிசம்பர் மாதம், மாலை நாலரை, அதற்குள் இருட்டிவிட்டது. ஸ்டேஷனுக்கு வெளியே நடைபாதை ஓரத்தில் நின்று மேப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து எலெக்ட்ரிக் சைக்கிள் வந்த சத்தமே கேட்கவில்லை. தோளில் ஒரு காற்று, அவ்வளவுதான், கை காலி. லாக் திறந்த நிலையில் பறிபோன போன் என்பதால் பேங்க் ஆப் ஞாபகம் வந்ததும் கால் நடுங்கிவிட்டது. அதிலிருந்து வழியை ஸ்டேஷனுக்குள்ளேயே பார்த்துக்கொள்கிறேன். வெளியே எடுத்தே ஆகவேண்டும் என்றால் கடைச் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பேன். இன்றைக்கே *#06# அழுத்தி, வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது உங்கள் போனுக்கே உரிய அடையாள எண்ணை, ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். பறித்தவனைத் துரத்தவே வேண்டாம்.

அவசரத்துக்கு 999, அவசரமில்லாத புகாருக்கு 101. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இதுதான்: வாய் திறந்து பேச முடியாத நிலை என்றால், மொபைலிலிருந்து 999 அழைத்து, அழுத்தும்படி அவர்கள் சொல்லும்போது 55 அழுத்துங்கள். போலீஸுக்கு இணைப்பார்கள். ஒன்றும் பேசாமல், எதுவும் அழுத்தாமல் இருந்தால் அவர்கள் அழைப்பைத் துண்டித்துவிடக்கூடும். 55 அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் தானாகத் தெரிந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். அவர்கள் கேட்பதற்கு இருமியோ தட்டியோ பதில் கொடுங்கள். வீட்டுக்குள்ளேயே பயந்து வாழும் பெண்கள் இதை முக்கியமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ரயிலில் ஒருவன் தொல்லை கொடுத்தால் 61016க்கு மெசேஜ் அனுப்புங்கள், ரயில்வே போலீஸ் பார்க்கும். எண்ணை இப்போதே போனில் சேமித்துவிடுங்கள்.

அப்புறம் நகை. ஆசியர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று திருடர்களுக்கு நன்றாகத் தெரியும். கோயிலுக்குப் போகும்போது தாலிக்கொடி கோட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாகத் திரும்புகிறவர்கள் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். எனக்குத் தெரிந்த வழி என்றால் எந்தத் தெருவில் வெளிச்சம், எந்த பஸ் வாசல்வரை வரும் என்று சொல்கிறேன்.