கூர்நோக்கு இல்லத்திலிருந்து வீடு திரும்பும் சிறுவர்களுக்கான பணி: இல்லம் நடத்தாமல் அரசு மானியம் பெற முடியுமா?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். டெல்டா மாவட்டம் ஒன்றில் பதிவு பெற்ற சிறிய அறக்கட்டளையை நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தி வருகிறோம். குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டு, விசாரணைக் காலத்தில் தங்கவைக்கப்படும் கூர்நோக்கு இல்லத்திலிருந்து பிணையிலோ இறுதி ஆணைக்குப் பிறகோ வீடு திரும்பும் சிறுவர்களை மீண்டும் பள்ளியிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ப்பதும், தொடர்ந்து வீடுகளுக்குச் சென்று பெற்றோருடன் பேசி வருவதும் எங்கள் பணி. இதுவரை உள்ளூர் நன்கொடையை நம்பியே நடந்தது. இனி அது போதாது. குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வத்சல்யா திட்டத்தில் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் உண்டு என்கிறார்கள். ஆனால் விசாரித்த இடங்களிலெல்லாம் ‘இல்லம் நடத்துகிறீர்களா?’ என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. மானியத்துக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கத்தான் வேண்டுமா? விண்ணப்பத்தை யாரிடம் கொடுப்பது?

முன்னாள் அலகுப் பணியாளர்:

வணக்கம். மானியத்துக்காக இல்லம் தொடங்காதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை நிறுவனத்தில் வைப்பதைக் கடைசி வழியாகவே கருதுகிறது. பிரிவு 41-இன்படி பதிவு செய்யாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கட்டடம், சமையல், இரவுக் காவல் என்று உங்கள் கவனம் முழுவதும் அங்கே போய்விடும்; இப்போது செய்கிற வேலை நின்றுவிடும்.

2009-10இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம்தான் 2021-22 முதல் மிஷன் வத்சல்யா என்ற பெயரில் நடக்கிறது. தமிழ்நாட்டில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்கின்றன. மாவட்டங்களின் தேவைகள் மாநிலத்தின் ஆண்டுத் திட்டத்தில் சேர்ந்து, டெல்லியில் உள்ள திட்ட ஒப்புதல் வாரியத்துக்குச் செல்கின்றன. ஆகவே நீங்கள் டெல்லிக்கு எழுதிப் பயனில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில், நிறுவனம் சாராப் பராமரிப்புக்கான, அதாவது குழந்தையை இல்லத்தில் வைக்காமல் குடும்பச் சூழலில் பராமரிப்பதற்கான, பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். நிதியாண்டு பிறந்த பிறகு போனால் அந்த ஆண்டுத் திட்டம் முடிந்திருக்கும். தைப் பொங்கலுக்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நிறுவனம் சாராப் பிரிவின் பணம் பெரும்பாலும் உங்கள் கணக்குக்கு வராது, குழந்தைக்கே போகும். நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. தாய் கணவரை இழந்தவராகவோ, பெற்றோர் கடும் நோயில் இருப்பவர்களாகவோ இருந்து, குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 18 வயது நிறைந்து இல்லத்தைவிட்டு வெளியேறுவோருக்குப் பின்பராமரிப்பு உதவி தனியாக உண்டு. நீங்கள் பார்க்கும் பிள்ளைகளில் பலர் இதற்குத் தகுதியானவர்களாக இருப்பார்கள். வருமானச் சான்றும் வங்கிக் கணக்கும் இல்லாததாலேயே விண்ணப்பம் நின்றிருக்கும். அந்தத் தாளைச் சேர்த்துக் கொடுப்பதே ஒரு குடும்பத்துக்குப் பெரிய மானியம்.

குழுமச் சமூக உறுப்பினர்:

மேலே உள்ளவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால், நிதிக்கு முன் அங்கீகாரத்தைக் கேளுங்கள் என்பது என் கருத்து.

பிரிவு 18-இன்படி குழுமம் கண்டித்து வீட்டுக்கு அனுப்பலாம். குழு ஆற்றுப்படுத்துதலில் (கவுன்சலிங்) பங்கேற்கச் சொல்லலாம். சமூக சேவை செய்யச் சொல்லலாம். நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். கூடவே பள்ளிக்கோ, தொழிற்பயிற்சிக்கோ, போதை மறுவாழ்வுக்கோ போகும்படி ஆணையிடலாம். குற்றம் உறுதியான சிறுவர்களைத் தங்கவைக்கும் சிறப்பு இல்லத்துக்கும் அனுப்பலாம். சட்டம் இத்தனை வழிகளைத் திறந்து வைத்திருந்தும், ஆணையை நடத்திக் காட்ட மாவட்டத்தில் ஓர் அமைப்பு இல்லாவிட்டால், எங்கள் கையில் மிஞ்சுவது முதல் வழியும் கடைசி வழியும்தான். ஒரு கண்டிப்புக்கும் ஓர் இல்லத்துக்கும் நடுவே எதுவுமே இல்லாமல் ஒரு பதினாறு வயதுப் பையனின் கோப்பை மூடுவது எவ்வளவு வேதனை என்பதை அந்த இருக்கையில் அமர்ந்தவர்கள் அறிவார்கள்.

பிரிவு 51 இதற்கு உதவும். தன்னார்வ அமைப்பு ஒன்றின் தகுதியை விசாரித்து, குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் குழந்தையின் பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்கும் தகுதியுள்ள அமைப்பாகக் குழுமமே அங்கீகரிக்கலாம். சிறுவனின் குடும்பப் பின்னணியைக் குழுமத்துக்குச் சொல்லும் சமூக விசாரணை அறிக்கையிலும் உங்களுக்கு இடமுண்டு. நன்னடத்தை அலுவலர் கிடைக்காதபோது குழந்தை நல அலுவலரோ சமூகப் பணியாளரோ அதைத் தயாரிக்கலாம் என்கிறது பிரிவு 8. குழந்தை முதன்முதலில் முன்னிறுத்தப்பட்ட நாளிலிருந்து பதினைந்து நாட்களில் அது வந்தாக வேண்டும். ‘குடும்பம் ஏழ்மையானது, தந்தை குடிப்பழக்கம் உள்ளவர்’ என்ற இரண்டு வரியோடு வரும் அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். பையன் எந்த வகுப்பில் நின்றான், ஏன் நின்றான், யார் பேச்சைக் கேட்பான் என்பவற்றில் ஒன்றுகூட அதில் இருக்காது. நீங்கள் வீட்டுக்குச் சென்று அறிந்தவை எங்களுக்குத் தேவை.

2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டில் அரசுப் பராமரிப்பில் இருந்த 17 வயதுச் சிறுவன் இறந்ததும், அதன்பின் இல்லங்களைச் சீர்செய்யப் பரிந்துரைகள் கேட்டு நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்ததும் நினைவிருக்கும். இல்லங்களைத் திருத்துவது மிகவும் அவசியம். அங்கே போக வேண்டிய தேவையையே குறைக்கும் வேலைக்கும் அதே அளவு பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்பதை மாவட்டத் திட்டத்தில் எழுத்தாகக் கேளுங்கள்.

தணிக்கைத் துறை அன்பர்:

கணக்குப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். மத்திய மானியம் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளுக்கு உட்பட்டது. மானியம் உரிய நோக்கத்துக்கே செலவானது என்பதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைப் படிவம் 12-ஏ-யில் தர வேண்டும். நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதம் அவகாசம் இருந்தாலும், அதுவரை காத்திருந்தால் அடுத்த தவணையும் காத்திருக்கும். மானியத் தொகைக்குக் கிடைத்த வட்டி உங்களுடையது அல்ல. அதை அரசுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். சிறிய அமைப்புகள் சிக்கிக்கொள்வது செலவுத் தலைப்பு மாற்றத்தில்தான். பயிற்சிக்கு வந்த தொகையில் வீட்டுப் பார்வைக்கான பெட்ரோலைப் போட்டுவிடுவார்கள். நோக்கம் நல்லதுதான், ஆனாலும் தணிக்கையில் அது ஏற்கப்படாத செலவு. பணியாளர் ஊதியத்துக்கு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை நாடுவதானால் சி.எஸ்.ஆர்-1 படிவத்தைத் தாக்கல் செய்யுங்கள்.

காவிரிக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இல்லம் என்ற எண்ணத்தைக் கைவிட்டோம். முதலில் குழுமத்திடம் அங்கீகாரம் கேட்கப் போகிறோம். ஓர் ஐயம் மட்டும். விண்ணப்பத்துடன், ஐ.டி.ஐ.யில் சேர்ந்த பிள்ளைகளின் புகைப்படங்களும் அவர்கள் கைப்பட எழுதிய கடிதங்களும் கொண்ட ஆண்டறிக்கையை இணைக்கலாமா? பெற்றோர் சம்மதித்திருக்கிறார்கள்.

குழுமச் சமூக உறுப்பினர்:

இணைக்காதீர்கள், அம்மா. பிரிவு 74 குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. பெற்றோரின் சம்மதம் அந்தத் தடையை நீக்காது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அச்சிட்ட அறிக்கை இருந்தால் அதை நிறுத்திவையுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகும் படிப்பிலோ வேலையிலோ இருக்கிறார்கள், எத்தனை வீட்டுப் பார்வைகள் நடந்தன என்ற எண்ணிக்கையும், பெயரும் ஊரும் நீக்கிய ஒரு பக்க விவரமும் போதும். வரும் அமர்வு நாளன்று அவற்றுடன் பதிவுச் சான்று, தணிக்கை செய்த கணக்கு, பணியாளர் விவரம் ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்டக் குழுமத்தின் முதன்மை நடுவரிடம் மனுவாகக் கொடுங்கள்.