கரையோர எடைமேடைகளில் எர்லாங், எலிக்சர்: எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது?

தென்கடல்:
பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி மாதிரி மீன் இறங்கும் இடங்களில் இடத்துக்கொரு பெட்டி. உள்ளே ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி, அதில் எர்லாங்கின் விஎம் (நிரலை ஓட்டும் மென்பொருள் இயந்திரம்) மேல் ஓடும் எலிக்சர் மொழி, யூஎஸ்பி சீரியல் வழியே மின்னணுத் தராசு, 4ஜி டாங்கிள். ராமநாதபுரத்தில் ஒரு சர்வர். இந்த அமைப்பை ஓட்டிப் பார்த்தவர்கள் எது, எப்போது, எதனால் உடைந்தது என்று எழுதுங்கள். "எர்லாங் விழவே விழாது" வகைப் பாராட்டு வேண்டாம், எண்ணும் காரணமும் போதும்.

முதலில் என் பங்கு. எல்லாப் பெட்டிகளையும் எர்லாங்கின் சொந்த டிஸ்ட்ரிபியூஷனில் (பல இயந்திரங்களை ஒரே வலையாக இணைக்கும் வசதி) கோக்காதீர்கள். எரிக்சன் ஆய்வகத்தில் 1986 வாக்கில் தொலைபேசி இணைப்பகத்துக்காகத் தொடங்கிய மொழி இது. ஒரே கட்டடத்துக்குள் நம்பகமான கம்பியில் நிற்கும் இயந்திரங்களுக்குப் பொருந்திய ஏற்பாடு, வாடைக்காற்றில் ஆடும் டவருக்குப் பொருந்தாது. நோடுகள் (ஓடும் ஒவ்வொரு விஎம்மும் ஒரு நோடு) இயல்பாக ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் இணையும். 12 நோடு என்றால் 66 இணைப்பு. மறுமுனை செத்ததைக் கண்டுபிடிக்கும் நெட்_டிக்டைம் இயல்பில் 60 விநாடி. அதாவது 45 முதல் 75 விநாடி வரை செத்த நோடு உயிரோடு இருப்பதாகவே கணக்கு. இதைவிட மோசம் ஒன்று உண்டு. எர்லாங்கோடு வரும் நூலகத் தொகுப்பான ஓடிபியின் 25-ஆம் பதிப்பு முதல், தொண்டிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலே, வலை அரைகுறையாக நிற்கக் கூடாது என்று குளோபல் மாட்யூல் (நோடுகளுக்குப் பொதுவான பெயர்ப் பதிவேடு) நன்றாக இருக்கும் மற்ற இணைப்புகளையும் துண்டித்துவிடும். அது பிழையில்லை, வேண்டுமென்றே வைத்தது. ஆனால் "பாம்பன் ஏன் போச்சு?" என்று தேடுகிறவருக்குத் தொண்டி டவர் ஞாபகத்துக்கு வராது.

குக்கீ (நோடுகள் ஒன்றையொன்று ஏற்கக் காட்டும் ரகசியச் சொல்) பற்றியும் ஒரு வரி. அது பூட்டு இல்லை. இயல்பில் இணைப்பில் குறியாக்கம் கிடையாது, குக்கீ கிடைத்தவர் அந்த இயந்திரத்தில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். நோடுகளைத் தேடித் தரும் இபிஎம்டியின் போர்ட் 4369 பொது இணையத்தில் திறந்து கிடக்கக் கூடாது.

தொண்டித்துறை:
அப்போ பெட்டியிலிருந்து சர்வருக்கு எப்படி அனுப்புறது அண்ணே? எம்க்யூடிடி போதுமா?

தென்கடல்:
போதும் தம்பி, புரோக்கர் என்ற இடைச் சர்வர் வழியே செய்தி கடத்தும் முறை அது. ஆனால் அதை மட்டும் நம்பாதே. அதன் சேர்ப்பு உறுதி நிலைகளில் க்யூஓஎஸ் 1 என்றால் குறைந்தது ஒரு முறை வந்து சேரும், இரண்டு முறையும் வரலாம். க்யூஓஎஸ் 2 போட்டால் தீர்ந்தது என்று நினைப்பார்கள். அந்த உறுதி பெட்டிக்கும் புரோக்கருக்கும் நடுவில், அப்புறம் புரோக்கருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில். டேட்டாபேஸில் எழுதும் கடைசி அடி அதற்கு வெளியே நிற்கிறது.

வரிசை இதுதான். தராசில் எண் நிலைத்ததும் பெட்டி எண்ணும் தொடர் எண்ணும் சேர்த்து ஒரு பதிவு. முதலில் பெட்டிக்குள்ளேயே இருக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் எழுது, பிறகு அனுப்பு. சர்வரில் அந்த இரண்டு எண்களுக்கும் சேர்த்து யூனிக் இன்டெக்ஸ் (அதே ஜோடியை இரண்டாம் முறை பதிய விடாது). இரண்டாவதாக வந்த அதே பதிவுக்கும் "சேர்ந்தது" என்றே பதில் போகட்டும், பிழை என்று திருப்பினால் பெட்டி காலம் முழுக்க அனுப்பிக்கொண்டே இருக்கும். எஸ்க்யூலைட் வால் (WAL, மாற்றங்களை முதலில் தனிப் பதிவு ஃபைலில் எழுதும்) முறையில், வட்டில் சேர்ந்ததை உறுதிசெய்யும் சிங்க்ரனஸ் அமைப்பை நார்மல் என்று வைத்தால் மின்சாரம் போகும்போது ஃபைல் கெடாது, ஆனால் கடைசிச் சில பதிவுகள் காணாமல் போகலாம். எடைக்குக் காசு இருக்கிறது, ஃபுல் வை. மறுமுயற்சி இடைவெளி 1, 2, 4, 8 விநாடி என்று ஏறி 5 நிமிடத்தில் நிற்கட்டும். அதோடு கொஞ்சம் தற்செயல் நேரமும் கூட்டு. கரை முழுக்க கரண்ட் திரும்பும் நொடியில் எல்லாப் பெட்டியும் ஒன்றாகக் கதவைத் தட்டினால் சர்வர்தான் படுக்கும்.

கீழக்கரைக்காரன்:
இதே கதைதான் ஜென்_சர்வர் கால் (ஒரு பிராசஸ், அதாவது விஎம்முக்குள் ஓடும் சிறு தனி வேலை, மற்றொன்றிடம் கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது) விஷயத்திலும். இயல்பு டைம்அவுட் 5000 மில்லி விநாடி. டைம்அவுட் ஆனால் "வேலை நடக்கவில்லை" என்று அர்த்தமில்லை, "பதில் வரவில்லை" என்று மட்டும்தான். ஓடிபி 24-க்கு முன்னால், டைம்அவுட்டைப் பிடித்துத் தொடர்ந்து ஓடும் பிராசஸின் அஞ்சல்பெட்டியில் அந்தத் தாமதப் பதில் பிறகு வந்து விழும். மற்ற செய்திகளை வாங்கும் ஹேண்டில்_இன்ஃபோவில் பொதுவான ஒரு கிளை இல்லையென்றால் சம்பந்தமே இல்லாத இடத்தில் விழுந்து தொலைக்கும். 24 முதல் அலியாஸ் (தாமதப் பதிலை உதறிவிடும் தற்காலிக முகவரி) வந்து அது தீர்ந்தது.

உச்சிப்புளி:
உப்புக்காற்று பற்றி யாரும் சொல்லவில்லையே. நம் ஊரில் யூஎஸ்பி முனை பச்சை பூத்து சீரியல் போர்ட் திடீரென்று மறையும். பலர் சாதனத்தை இனிட் (பிராசஸ் தொடங்கும் முதல் அடி) உள்ளேயே திறக்கிறார்கள். திறக்க முடியாது, பிராசஸ் விழும், அதைக் கண்காணிக்கும் சூப்பர்வைசர் எழுப்பும், மறுபடி விழும். எர்லாங் சூப்பர்வைசரின் இயல்பு 5 விநாடிக்குள் 1 மறுதொடக்கம், எலிக்சரில் 3. அதைத் தாண்டினால் சூப்பர்வைசரே விழும், அதற்கு மேல் உள்ளதும் விழும், பெர்மனன்ட் அப்ளிகேஷன் என்றால் விஎம் முழுதும் அணையும். ஹார்ட் (விழுந்த விஎம்மைக் கவனித்து, அமைத்துவைத்த கட்டளையை ஓட்டும் காவல் நிரல்) வைத்திருந்தால் அது விஎம்மையோ பெட்டியையோ மறுபடி எழுப்பும், திரும்ப அதே வட்டம். ஒரு தராசுக் கம்பிக்காக, அனுப்பாமல் தேங்கிய பதிவுகளை அனுப்பும் வேலையும் நின்றுபோகிறது.

சரியான முறை: இனிட் உடனே முடியட்டும். அதையடுத்து ஓடும் ஹேண்டில்_கன்டின்யூவில் போர்ட்டைத் திறந்து பார், இல்லையென்றால் "தராசு இல்லை" என்ற நிலையில் உட்கார்ந்து 10 விநாடிக்கு ஒரு முறை முயற்சி செய். வெளியுலகம் இல்லாமல் போவது சாதாரண நிலை, அதற்கெல்லாம் சாக வேண்டியதில்லை. "விழட்டும் விடு" என்ற கொள்கை எதிர்பாராத பிழைக்கு. அறுந்த கம்பி நம் கரையில் எதிர்பார்த்ததுதான்.

வாடைக்காற்று:
நேரம்! இதில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். பை 4-இல் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. அணைந்து 3 மணி நேரம் கழித்து எழுந்தால், சிக்னல் கிடைக்கும் வரை பழைய நேரத்திலிருந்தே ஓடும். பிறகு இணைய நேரச் சேவையான என்டிபி வந்து லினக்ஸ் கடிகாரத்தை ஒரே தாவலில் சரிசெய்யும். எர்லாங் தாவாது. இயல்பான நோ டைம் வார்ப் முறையில் அது தன் கடிகாரத்தைச் சுமார் 1 சதவீதம் வேகமாக ஓட்டி மெல்லப் பிடிக்கும். 3 மணி நேரத்தைப் பிடிக்க 300 மணி நேரம், அதாவது பன்னிரண்டரை நாள். அத்தனை நாளும் லினக்ஸில் டேட் அடித்தால் சரியாக இருக்கும், பதிவில் மட்டும் தப்பாக இருக்கும். அந்த 1 சதவீதம் டைமர்களிலும் ஒட்டிக்கொள்ளும்.

மருந்து இரண்டு. டிஎஸ்3231 கடிகாரத் தொகுதியும் சிஆர்2032 பேட்டரியும் போடுவது ஒன்று. மற்றொன்று மல்டி டைம் வார்ப் முறையில் விஎம்மை ஓட்டுவது. இதில் சிஸ்டம் டைம் தாவும் என்பதால், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட நேரத்தைப் பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் டைமில் மட்டுமே கணக்கிட வேண்டும். எது முன், எது பின் என்பதற்குத் தொடர் எண்ணைப் பாருங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

கீழக்கரைக்காரன்:
நினைவகத்துக்கு இரண்டு குறிப்பு. படகுப் பதிவெண்ணையோ ஜேசன் சாவிகளையோ ஆட்டமாக (atom, விஎம்மின் பொது அட்டவணையில் பதியும் பெயர்) மாற்றாதீர்கள். ஆட்டம் குப்பையாக அள்ளப்படாது, இயல்பு எல்லை 10,48,576, நிறைந்தால் விஎம் சாகும். அடுத்தது, 64 பைட்டுக்கு மேற்பட்ட பைனரி (மூல பைட் தரவு) பொதுக் கிடங்கில் இருக்கும். 2 எம்பி மீன் படத்திலிருந்து 200 பைட் தலைப்பை வெட்டிப் பிராசஸின் ஸ்டேட்டில் வைத்தால், 2 எம்பியும் அந்த 200 பைட்டைப் பிடித்துத் தொங்கும். பைனரி காப்பி செய்து வையுங்கள்.

மண்டபம் முகாம்:
கீழக்கரைக் காக்கா சொன்னதோடு ஒரு சந்தேகம். ஆய்வுப் பக்கத்தில் சிஆர்டிடி என்கிறார்கள், 2011-இல் ஷப்பீரோ குழு முறைப்படுத்தியது. யாரிடமும் கேட்காமல் ஒவ்வொரு நோடும் எழுதலாம், பிறகு இணைத்தாலும் எல்லாம் ஒரே முடிவுக்கு வரும். அதை இங்கே போட்டால் என்ன?

கீழக்கரைக்காரன்:
எடைப் பதிவுக்குத் தெரியாமலேயே போட்டுவிட்டோம். தனித்த எண் கொண்ட பதிவுகளின் தொகுப்பு, சேர்க்க மட்டும்தான், நீக்கக் கிடையாது. எந்த வரிசையில் வந்தாலும், இரண்டு முறை வந்தாலும் கூட்டு மாறாது. திருத்தம் வந்தால் பழையதை அழிக்காமல் கழித்தல் பதிவாகப் போடுங்கள், கடைக் கணக்குப்பிள்ளை செய்வது மாதிரி.

ஏல விலைக்கு அது ஆகாது. ஒரு கூடை நண்டு ஒருவருக்குத்தான் போக முடியும், இரண்டு பக்கமும் "எனக்கே" என்று பிறகு இணைக்க முடியாது. அங்கே முடிவு சொல்ல ஒருவர் வேண்டும். அந்தக் கரையின் பெட்டியிலேயே ஏலத்துக்கு ஒரு பிராசஸ் வையுங்கள். அஞ்சல்பெட்டி தானே வரிசைப்படுத்தும். சர்வருக்கு முடிவு மட்டும் போகட்டும்.

தொண்டித்துறை:
சர்வரில் ஹாஸ்கெல் மொழி வச்சிருக்கோம். நாலு திரெட் போட்டும் ஒரு கோர் மட்டும்தான் சூடாகுது.

மண்டபம் முகாம்:
முதலில் திரெடட் கொடியோடு கட்டி, -N கொடியோடு (எத்தனை கோர் என்று சொல்வது) ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். அது சரியென்றால் சோம்பல் மதிப்பீடுதான். வேலைத் திரெட் எம்வாரில் (திரெட்கள் மதிப்பைக் கைமாற்றும் இடம்) வைப்பது விடையை இல்லை, "பிறகு கணக்கிடு" என்ற சீட்டை. எடுத்துப் படிக்கிற ஒரே திரெட் எல்லாக் கணக்கையும் போடுகிறது. வைக்கும் முன் ஃபோர்ஸ் செய்யுங்கள், அதாவது அங்கேயே கணக்கிட்டு முடியுங்கள். எஸ்டிஎம்மிலும் (டிவார் என்ற பகிர்ந்த மாறிகளைப் பரிவர்த்தனையாகக் கையாளும் முறை) ஒரு கண். நாள் அறிக்கைக்காக ஆயிரம் டிவார்களை ஒரே பரிவர்த்தனையில் படித்தால், நடுவில் ஒரு எடை மாறினாலும் முதலிலிருந்து ஓடும். காலை இறங்கு நேரத்தில் அது முடியவே முடியாது.

உச்சிப்புளி:
சோதனைக்கு: இணைப்பைச் செயற்கையாகக் கெடுக்கும் லினக்ஸ் டிசி கருவியின் நெட்எம்மில் 300 மில்லி விநாடி தாமதமும் 5 சதவீத இழப்பும் வைத்து ஓட்டுங்கள், நடுவில் பிளக்கைப் பிடுங்குங்கள். ப்ராப்பர் என்ற தானியங்கிச் சோதனைக் கருவியில் நிலைமாதிரி எழுதி இணைக் கட்டளைகளாக ஓட்டினால் ரேஸ் (ஓடும் வரிசை மாறினால் வெளிப்படும் பிழை) சிறிய வரிசையாகச் சுருங்கி வரும். எர்லாங்கோடு வரும் டெட்ஸ் வட்டுச் சேமிப்பிலேயே குவிக்செக் என்ற அதே வகைக் கருவி இப்படித்தான் ரேஸ்களைப் பிடித்தது. புதுப் பதிப்பைக் கரையில் ஏற்ற ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் தோது. விசைப்படகுகள் நிற்கும், நாட்டுப்படகு எடை மட்டும் வரும். அதனால் சுமைச் சோதனைக்கு அந்த அளவை நம்பாதீர்கள், தடை முடிந்து படகுகள் முதன்முதலில் திரும்பும் நாளின் கூட்டத்தை முன்பே செயற்கையாக உருவாக்கிப் பாருங்கள்.