புலம்பெயர்ந்த போர்த்துகீசியரின் பண்பாட்டை இசை காப்பாற்றுகிறதா?

மாலைராகம்:
குடியேறியவர்களின் இசை வருடத்துக்கு ஒருநாள் போடும் வேஷம், அதனால் எந்தப் பண்பாடும் நிலைக்காது என்று வைகைக்கரை இன்னொரு இழையில் எழுதியிருந்தார். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. நான் இருப்பது டொராண்டோவில். 1953-இல் சத்தூர்னியா கப்பலில் ஹாலிஃபாக்ஸில் இறங்கியவர்களோடுதான் கனடாவில் போர்த்துகீசியரின் பெரிய குடியேற்றம் தொடங்கியது. இன்றைக்கும் இங்கே அவர்கள் உணவகங்களில் ஃபாடோ என்ற ஏக்கப் பாட்டைப் பாடுகிறார்கள். பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை வேறு எது அங்கே கூட்டி வரும்?

வைகைக்கரை:
ஃபாடோ என்றீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அது லிஸ்பனில் பிறந்த பாட்டு. கனடாவுக்கும் மாசசூசெட்ஸுக்கும் வந்தவர்களில் பெரும்பாலோர் அட்லாண்டிக் கடலில் இருக்கும் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுக்காரர்கள். 1957-இல் அங்கே ஃபையல் தீவில் கபெலின்யோஸ் எரிமலை வெடித்து வீடும் வயலும் சாம்பலில் மூழ்கின. மறு வருடமே அமெரிக்கா தனிச்சட்டம் போட்டு அவர்களுக்கு வழி திறந்தது. தீவுகளில் அவர்கள் வட்டமாக நின்று ஆடியது ஷமரிட்டா. மீட்டியது வியோலா த தெர்ரா என்ற கிட்டார் போன்ற கம்பி வாத்தியம். சாவோ மிகேல் தீவில் அதன் முகப்பில் இரண்டு இதயங்களைக் குடைந்திருப்பார்கள். கறுப்புச் சால்வை போட்ட ஃபாடோ பாடகியில் அந்தத் தாத்தாக்களின் ஊர் எங்கே இருக்கிறது?

கிராமிய ஆட்டக் குழுக்களின் கதை இன்னும் மோசம். போர்ச்சுகலின் சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சி அவற்றைத் தன் பிரச்சாரத்துக்கு ஏற்ப மெருகேற்றியது. 1938-இல் ‘அதிகம் போர்த்துகீசியமான கிராமம்’ எது என்று போட்டியே வைத்தார்கள். அந்த ஆட்சி அழகுபடுத்திக் கொடுத்த வடிவத்தையா மரபு என்று காப்பாற்றுவது?

மாலைராகம்:
சரி, ஃபாடோவையும் ஆட்டத்தையும் விடுங்கள். ஃபிலார்மோனிகாவைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கிளாரினெட், டிரம்பெட், டூபா, முரசு என்று ஊர் ஊருக்கு ஒரு பேண்டு. அசோர்ஸிலிருந்து அப்படியே கூடவே வந்தது. கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ், ஒன்டாரியோ எங்கும் உண்டு. பரிசுத்த ஆவித் திருவிழாவில் கிரீடத்தை ஏந்திப் போகும் ஊர்வலத்துக்கு இவர்கள்தான் வாசிக்க வேண்டும். அப்புறம் மாட்டிறைச்சியும் ரொட்டியும் போட்ட சூப்பை வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுப்பார்கள்.

இங்கே ஒரு ஊர்வலத்தில் பார்த்தேன். தொப்பி காதுவரை இறங்கிய ஒரு சின்னப் பெண், கிளாரினெட்டோடு தடுமாறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாசித்த பெரியவர் தன் வாசிப்பை நிறுத்தாமலே காலை ஓங்கித் தட்டினார். அடுத்த வளைவுக்குள் அவள் தாளத்துக்கு வந்துவிட்டாள். இது ஒருநாள் வேஷம் அல்ல. மாதக்கணக்கில் ஒத்திகைக்கு வந்தால்தான் இப்படி நடக்கும். எழுபது வயதுக்காரரும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் குடியேறியவர்களுக்கு வேறெங்கே கிடைக்கிறது?

வைகைக்கரை:
அந்தப் பெண் பெரியவரிடம் எந்த மொழியில் பேசினாள்? ஆங்கிலத்தில்தானே இருக்கும்? மொழி போனபின் வாத்தியம் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாய் சாட்சி. 1879-இல் ரேவன்ஸ்கிராக் கப்பலில், போர்ச்சுகலின் இன்னொரு தீவான மதேராவிலிருந்து ஆட்கள் அங்கே கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தார்கள். அவர்களோடு வந்த சின்ன வாத்தியத்திலிருந்துதான் உகுலேலே பிறந்தது. இன்று அதை ஹவாய் வாத்தியம் என்றுதான் உலகம் சொல்கிறது. வாத்தியம் பிழைத்தது, கொண்டுவந்தவர்களை யாருக்கும் நினைவில்லை.

மட்டுநகரான்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் இருக்கிறார்கள். இலங்கையில் போர்த்துக்கேயர் ஆட்சி 1658-இலேயே முடிந்துவிட்டது. பலருடைய வீட்டுப் பேச்சு இப்போது தமிழ்தான். ஆனால் கல்யாண வீட்டில் வயலின் எடுத்துக் கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்டப் பாட்டைத் தொடங்கினால் அவர்களுடைய போர்த்துக்கேயக் கலப்பு மொழியான கிரியோல் பாட்டு வந்துவிடும். பேச்சில் தேய்ந்த மொழிக்குப் பாட்டுத்தான் கடைசி இடம். அதையும் வேண்டாம் என்றால் அவர்களுக்கு என்ன மிஞ்சும், வைகைக்கரை அண்ணா?

வைகைக்கரை:
வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தம்பி. அது போதும் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்களே, அதுதான் என் கவலை. அசோர்ஸ்காரர்களிடம் கான்டோரியா என்று ஒன்று உண்டு. இருவர் எதிரெதிரே நின்று, அந்த நேரத்திலேயே அடி கட்டிப் பாட்டால் மோதிக்கொள்வார்கள். மனப்பாடம் அங்கே செல்லாது. மொழி நாக்கில் இருக்க வேண்டும். அதற்குத் தீவுகளிலிருந்து பாடகர்களை வரவழைக்கிறார்கள். அந்தக் காசில் பாதியை இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அடி கட்டச் சொல்லிக்கொடுக்கச் செலவழிக்கட்டும்.

மாலைராகம்:
சொல்லிக்கொடுக்கட்டும், நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகளை எங்கே போய்த் தேடுவீர்கள்? பேண்டு ஒத்திகை அறையில்தானே?